பத்தாவது காரணம்

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். போனில் காற்றின் வலு இன்று எத்தனை என்று பார்க்கிறேன். நான்கு என்றால் கப்பல் வரும். ஏழு என்றால் யோசிக்கும். எட்டைத் தாண்டினால் எந்தக் கப்பலும் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது, அது சட்டம். பிறகு சின்னச் செம்பில் காபி வைக்கிறேன். நுரை எழும்பும்போது இறக்குகிறேன். நின்றபடியே குடிக்கிறேன். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் குச்சியை விட்டு அளவு பார்க்கிறேன். வாடகைக்கு விடும் ஐந்து அறைகளையும் திறந்து வைக்கிறேன். உள்ளே யாரும் இல்லை, சீசன் இன்னும் தொடங்கவில்லை. குழாய்களைத் திறந்து துருத் தண்ணீர் வடியும் வரை நிற்கிறேன். மெத்தைகளைத் திருப்பிப் போடுகிறேன். வாசற்படியில் ஒரு கல்லின் ஓரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கல். ஈஸ்டருக்குள் முடிந்துவிடும். எட்டரை மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு முப்பத்தொரு வயது. மனைவி எவன்தியா ஜனவரியில் இறந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது.

அந்தப் புதன்கிழமை சுண்ணாம்பு வாளியை எடுப்பதற்குள் மேயர் வந்துவிட்டார். பெயர் ஸகாரியாஸ். கிரீஸின் ஒரு மூலையில் எங்கள் தீவு, மொத்தம் முன்னூறு பேர். மேயரே இரும்புக் கடையும் வைத்திருக்கிறார். படியேறி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இந்தப் படிய யாருடா கட்டினான், அர்கிரி? மனுசனுக்கா, ஆட்டுக்கா?"

"உங்க தாத்தாதான் கட்டினதா சொல்றாங்க."

"அதான். எங்க குடும்பத்துல யாருக்கும் கை நேரா வராது."

கையில் ஒரு தாளை வைத்திருந்தார். அது என்னவென்று எனக்குத் தெரியும். 'எங்கள் தீவுக்கு வர ஒன்பது காரணங்கள்.' ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் அச்சாகி வரும். கப்பலில் வருகிறவர்களுக்கு இறங்கும்போதே கொடுப்போம். ஆறு வருடமாக அதை எழுதியது எவன்தியா. மேயர் அலுவலகத்தில் இருந்த ஒரே எழுத்தர் அவள்.

தாளில் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். பொய் ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் வருடம் மேயர், "முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளும் வெயில்னு போடு" என்றார். அவள் போடவில்லை. 'மே முதல் அக்டோபர் வரை மழை பெய்யாது, அதற்குப் பிறகு எங்களுக்கே தெரியாது' என்று போட்டாள். முதல் காரணமாக அவள் வைத்தது இது: 'கப்பல் தினமும் வராது. அதனால் உங்களைத் தேடிக்கொண்டு யாரும் அவ்வளவு சுலபமாக வந்துவிட முடியாது.' ஜெர்மன்காரர் ஒருவர் அதை மட்டும் வெட்டி எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்.

இரண்டு வருடம் முன்பு அவள் தாளின் அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தாள். 'அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தீவில் டாக்டர் இல்லை.'

"இது காரணமா, பயமுறுத்தலா?" என்று மேயர் கேட்டார்.

"தகவல்" என்றாள்.

அச்சாகி வந்தபோது அந்த வரி இல்லை. மேயர் அச்சகத்துக்குப் போன் செய்து எடுக்கச் சொல்லியிருந்தார். ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு அவள் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் பக்கம் தள்ளுவாள். மூன்றாவது வாரம் அவரும் சீட்டு எழுத ஆரம்பித்தார். அதில் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள்.

இப்போது அவர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். தலைப்பு மாறியிருந்தது. 'பத்துக் காரணங்கள்.'

"சனிக்கிழமை கப்பல்ல பன்னெண்டு பேர் வர்றாங்க. ஜெர்மனி, ஹாலந்து, ஸ்வீடன். எல்லாம் டிராவல் ஏஜெண்டுங்க. துறைமுகத்துல வச்சே இத வாசிச்சுக் காட்டணும். உனக்குத்தான் இங்கிலீஷ் வரும். என் இங்கிலீஷ் ஆணி, சுத்தியல், பெயிண்டு அவ்வளவுதான்."

நான் பல்கலைக்கழகத்தில் கப்பல் வணிகம் படித்தேன். அதில் எனக்கு மிஞ்சியது ஆங்கிலமும் கொஞ்சம் ஜெர்மனும். எட்டு வருடம் முன்பு ஒரு கோடையில் இங்கே வந்து, அந்தத் தாள் வருவதற்கு முன்பே, தங்கிவிட்டேன்.

பத்தாவதைப் படித்தேன். 'இந்தத் தீவில் பிறந்து, இந்தத் தீவிலேயே கண்மூடிய எவன்தியா கடைசியாகச் சொன்னது: இந்த வெயிலைப் பார்த்துவிட்டேன். இனி எனக்கு வேறெதுவும் வேண்டாம்.'

"அன்னைக்கு வெயிலே இல்ல" என்றேன்.

"என்ன?"

"ஜனவரி. மூணு நாளா வெயிலே இல்ல."

மேயர் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அழுதுகொண்டே தூக்கினார்.

"நாப்பதாம் நாள்ல சொன்ன சொல்லுடா அது. உன் மாமியார் வாயால சொன்னாங்க. ஊரே கேட்டுச்சு. நான் கற்பனை பண்ணல."

"அவ அப்படிச் சொல்லல."

"சரி, என்னதான் சொன்னா? சொல்லு. அதப் போடுறேன்."

நான் போய்ச் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"பாரு. வாயே திறக்கமாட்டேங்கிற. நாங்க என்னடா பண்றது? டாக்டர் வரணும்னா இங்க ஆளு இருக்கணும். ஆளு இருக்கணும்னா பிழைப்பு இருக்கணும். அந்தப் பிழைப்பு சனிக்கிழமை கப்பல்ல வருது."

"ஆறு வருஷமா பிழைப்பு நல்லாத்தான் இருக்கு. டாக்டர் எங்க?"

டாக்டர் கேட்டு ஏதென்ஸுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அது எனக்கும் தெரியும்.

"ஒம்பத வாசிக்கிறேன். பத்தாவத வாசிக்கமாட்டேன்."

"சனிக்கிழமை வரைக்கும் யோசி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பாதிப் படியில் திரும்பி, "சுண்ணாம்பு தண்ணியா இருக்கு, கடைக்கு வா, நல்லது தர்றேன்" என்றார்.

நாற்பதாம் நாள் பற்றிச் சொல்ல வேண்டும். கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் தூவி, தட்டில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவது எல்லாத் தீவிலும் உண்டு. எங்கள் தீவில் அதற்கு முன்னால் ஒன்று உண்டு. இறந்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதை வீட்டார் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பாதிரியார் கரண்டியைத் தட்டில் இறக்குவார். அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் கலோமீராவின் அப்பா கடைசியாக, "இது காபியா, கழுவின தண்ணியா?" என்றுதான் சொன்னாராம். அப்படியே சொன்னார்கள். ஊர் சிரித்துக்கொண்டே கோதுமையைத் தின்றது. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்று நான் எழுந்து நின்றேன். எவன்தியா சாகும்போது அறையில் இருந்தது நான் ஒருவன்தான். பாதிரியார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. யாரோ இருமினார்கள். மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்து, அதை ஒருவர் நிமிர்த்தி வைத்தார். அதன் பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் ஃபோதினி என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவர் எழுந்தார். வெயிலைப் பற்றிச் சொன்னார். கரண்டி இறங்கியது.

தட்டுக்கு எதிரே சொன்ன சொல்லை யாரும் மாற்ற முடியாது. கல்வெட்டுப் போல நின்றுவிடும். எனக்கு அது அன்று தெரியும்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் வரும்போது அறை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். 'அறைகள்', 'சுத்தமான அறைகள்', 'கடல் தெரியும் அறைகள்'. யார் எங்கே நிற்பது என்பது வீடு வாரியாக முன்பே முடிவான விஷயம். கப்பலின் இரும்புப் பாலம் இறங்கும் இடத்தை ஒட்டி முதலில் நிற்பது எங்கள் வீடு. மாமியாரின் மாமனார் காலத்திலிருந்து அப்படி. இரண்டாவது கலோமீரா. முப்பது வருடமாக அவள் முதல் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தன் பலகைக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, பேசாத மாப்பிள்ளை!" என்றாள். வெளியிலிருந்து வந்து பெண் எடுத்தவனை இங்கே ஊர் முழுக்க மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். சாகும் வரை.

"பலகை நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு உன் முகத்த முதல் இடத்துல நிறுத்தாத, சொல்லிட்டேன். வர்றவன் பார்த்துட்டு திரும்பிக் கப்பல்லயே ஏறிடுவான்."

"அத்தையும் நிப்பாங்க."

"அவ முகம் இன்னும் மோசம்." தூரிகையைத் தொட்டு எடுத்தாள். "கேளு. மேயர் சொன்னாரு. பத்தாவத வாசிக்கமாட்டேன்னியாம். ஏன்? நல்ல சொல்லுதான? நான் சாகும்போது எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வந்தா தேவலை. எங்க அப்பன மாதிரி காபியத் திட்டிட்டுப் போறதுக்கு."

"உங்க அப்பா சொன்னத நீங்க மாத்தலியே."

தூரிகை நின்றது.

"அது வேற" என்றாள்.

"எப்படி வேற?"

"அவருக்கு எண்பத்தாறு வயசு! சிரிச்சோம். இதுல எங்கடா சிரிக்கிறது?" குரல் ஏறிவிட்டது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கு அந்தப் பன்னெண்டு பேர் முன்னாடி ஏதாவது கெடுத்து வச்சேன்னா, இந்தத் துறைமுகத்துல உனக்கு இடம் இல்ல. நாங்க பதினோரு வீடு. நீ ஒத்த ஆளு. வெளியூர்க்காரன் வேற."

"நான் நிப்பேன்."

"எங்க நிப்ப?"

"இங்கதான்." காலால் காட்டினேன். "முதல் இடத்துல."

"திமிரப் பாரு." அவள் வண்ணத்தில் தூரிகையை அழுத்தினாள். பிறகு தணிந்த குரலில், "என் புருஷன் படக எடுத்துட்டுப் போனான், தெரியுமில்ல. அந்தக் காத்துல. படகுப் பலகை ரெண்டு உடைஞ்சு வந்தான்" என்றாள்.

"தெரியும், அக்கா."

அது எல்லாம் தெரிந்ததுதான். எழுதியே வைக்கிறேன்.

ஜனவரி பதினான்காம் தேதி காலையில் எவன்தியா வயிறு வலிக்கிறது என்றாள். முந்தின நாள் தின்ற பீன்ஸ் என்று நினைத்தோம். மதியம் வலி வலப்பக்கம் கீழே இறங்கியது. மருத்துவ நிலையத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது. ஊரின் எல்லாச் சாவியும் அவளிடம்தான். அவளே நடந்து வந்து அவளே திறந்தாள். டாக்டரின் நாற்காலி அக்டோபரிலிருந்து காலி. நர்ஸ் விடுப்பில் போனவர் காற்றினால் திரும்பவில்லை. அங்கே இருந்த போனில் பெரிய தீவின் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். குடல்வால் என்றார்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதே, ஐஸ் வை, ஹெலிகாப்டருக்குச் சொல்கிறோம் என்றார்கள். காற்று ஒன்பது. ஹெலிகாப்டர் எழவில்லை. கப்பல் புறப்படவில்லை. இரண்டாம் நாள் கலோமீராவின் கணவர் எவன்தியாவைப் படகில் கொண்டுபோகலாம் என்றார். முதலில் தனியாகப் போய்ப் பார்த்தார். துறைமுக வாயைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் காலையில் வலி நின்றுவிட்டது. நல்லது என்று நினைத்தோம். அது நல்லது இல்லை, உள்ளே வெடித்திருக்கும் என்று போனில் சொன்னார்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு முன்னால் இறந்தாள். மாமியார் அப்போது வீட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காற்று மூன்று. கப்பல் சரியான நேரத்துக்கு வந்தது.

துறைமுகத்திலிருந்து நேராக மாமியாரிடம் போனேன். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், இறைச்சி இல்லை. கூனைப்பூவின் முரட்டு இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதை எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"உக்காரு. கத்தி அங்க இருக்கு."

உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன்.

"மேயர் இங்கயும் வந்தாரு" என்றார். "நீ முரண்டு பிடிக்கிறியாம்."

"அத்தை, அவ அப்படிச் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." தலை நிமிரவில்லை. "அவள நான்தான் குளிப்பாட்டினேன். அந்த வயித்தப் பார்த்தேன். அப்படி ஒரு வயித்த வச்சிக்கிட்டு வெயிலப் பத்தி யாராவது பேசுவாங்களா?"

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீ நின்னியே!" கத்தியை மேசையில் வைத்தார். "மரம் மாதிரி நின்ன. பாதிரியார் கரண்டியத் தூக்கிட்டு நிக்கிறாரு. கலோமீரா பார்க்கிறா. என் பொண்ணுக்குக் கடைசியா ஒரு சொல்லுகூட இல்லாம கோதுமையப் பங்கு போடச் சொல்றியா? வாயில வந்ததச் சொன்னேன். நல்லா வந்துச்சு. இப்ப அதுதான் என்கிட்ட இருக்கு."

"அத அந்தத் தாள்ல போடக் கூடாது."

"ஏன் கூடாது? அவ தாள்தான?"

"அவ தாள்ங்கிறதாலதான்."

அவர் இன்னொரு பூவை எடுத்தார். மூன்று நான்கு இதழ்களைக் கிள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நிஜமா என்ன சொன்னான்னு எனக்குத் தெரிய வேண்டாம். புரியுதா? கேக்கமாட்டேன். நீயும் சொல்லாத. அத நீயே வச்சுக்கோ. எனக்கு வெயில் போதும்."

கூடை காலியாகும் வரை உரித்தோம். போகும்போது ஒரு கிண்ணம் வேகவைத்ததைக் கொடுத்தார். "நாளைக்குச் சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வா" என்றார். "முதல் இடத்துல நிக்கிறோம்."

சனிக்கிழமை காற்று மூன்று. கப்பல் பதினொன்றே காலுக்கு வந்தது. பாலம் இறங்கியது. பதினோரு வீட்டார் பலகையோடு நின்றார்கள். நாங்கள் பன்னிரண்டாவது, முதல் இடத்தில். மாமியார் கறுப்பு உடையில் 'அறைகள்' பலகையை நெஞ்சோடு பிடித்திருந்தார். மேயர் கோட்டுப் போட்டிருந்தார், கழுத்துப் பட்டை கொஞ்சம் கோணல். கை ஒலிபெருக்கி ஒன்றை என்னிடம் தந்தார்.

பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கால்கள். ஒவ்வொருவர் கையிலும் கலோமீரா ஒரு தாளைத் திணித்தாள்.

வாசித்தேன். கப்பல் தினமும் வராது என்றதற்குச் சிரித்தார்கள். கிழக்குக் கடற்கரைக்குச் சாலை கிடையாது, நாற்பது நிமிடம் நடந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தண்ணீர். எங்கள் தக்காளிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கோலிக்குண்டு அளவில் இருக்கும். தின்றபின் உங்கள் ஊர்க் கடைக்காரனோடு சண்டை போடுவீர்கள். ஜூன் மாதக் கடலைவிடச் செப்டம்பர் மாதக் கடல் சூடு. அதனால் எல்லாரும் வரும் ஆகஸ்டில் நீங்கள் வராதீர்கள். பேக்கரி ஏழு மணிக்குத் திறக்கும், எட்டு மணிக்கு ரொட்டி இருக்காது. கழுதைகள் படத்துக்கு நிற்கும், ஆனால் பக்கத்தில் போகாதீர்கள், அவற்றுக்கும் கோடை விடுமுறை. அறைகளில் டிவி கிடையாது; எதிர் வீட்டில் நடப்பதைப் பார்க்கலாம். யாராவது உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் அது விற்பனை அல்ல, போங்கள். மே முதல் அக்டோபர் வரை மழை பெய்யாது, அதற்குப் பிறகு எங்களுக்கே தெரியாது.

ஒன்பதும் உண்மை. ஒவ்வொன்றும். வரலாம் என்றுதான் நானும் சொல்கிறேன். இதைவிட நல்ல தண்ணீரை நான் பார்த்ததில்லை.

"பத்தாவது இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

பன்னிரண்டு பேரும் தாளைப் பார்த்தார்கள். அதில் பத்தாவது இருந்தது. கலோமீரா பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய் மாப்பிள்ளை" என்றாள். மேயர் சிரித்த முகத்தோடு ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தாளைக் கண்ணுக்கு அருகே வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பத்தாவதை வாசித்தார். வெயில் என்ற சொல் மட்டும் தெளிவாக வந்தது.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஸ்வீடன்காரப் பெண் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றினாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகு" என்றாள். "பாட்டியம்மாவா? ரொம்ப வயதா?"

மேயருக்குக் கேள்வி பாதிதான் புரிந்தது. என்னைப் பார்த்தார். நான் அந்தக் கேள்வியைக் கிரேக்கத்தில் மாற்றிச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மேயர் கழுத்துப் பட்டையை நேராக்கினார். "சொல்லு அவங்ககிட்ட" என்றார். "நிம்மதியாப் போனாங்கன்னு சொல்லு. கடலப் பார்த்துக்கிட்டே, நிம்மதியா."

"நிம்மதியாவா?" என்று ஒரு குரல் கேட்டது.

மாமியார். பலகை கீழே கிடந்தது. அது விழுந்த சத்தம் பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நிம்மதியாவா, ஸகாரியாஸ்? நீ பார்த்தியா? மூணு நாளு. பல்லக் கடிச்சுக் கடிச்சு உதடெல்லாம் கிழிஞ்சு கிடந்துச்சு. நான்தான் தொடச்சேன். நிம்மதியா போனாளாம்!"

"ஃபோதினி, நீதான சொன்ன..."

"வெயில்னு சொன்னேன். நிம்மதின்னு சொன்னேனா?"

கப்பலில் ஒருவன் கயிற்றை அவிழ்க்க வந்து, அவிழ்க்காமல் நின்றான். கலோமீரா குனிந்து எங்கள் பலகையை எடுத்தாள். தன் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க வேண்டாம்னா நான் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கண் ஈரமாகவில்லை. கோபம்தான் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"நாப்பதாம் நாளே சொல்லியிருக்கணும் நீ. உன்னால நான் பொய் சொன்னேன், கோயில்ல. இப்பச் சொல்லு. இங்கயே சொல்லு. இவங்க பாஷையிலயும் சொல்லு. என் பொண்ணு என்ன சொன்னா?"

மேயர் ஒலிபெருக்கியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன். "அர்கிரி, இவங்க திரும்பிப் போயிடுவாங்கடா" என்றார்.

"போகட்டும். தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும். தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க வரட்டும்."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அவர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்.

முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். இருபத்தொன்பது வயது. குடல்வால். தீவில் டாக்டர் இல்லை, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இருப்பதில்லை. அதை இந்தத் தாளில் அவள் எழுதினாள், நாங்கள் எடுத்துவிட்டோம். இனி எடுக்கமாட்டோம்.

பிறகு மாமியாரைப் பார்த்துக் கிரேக்கத்தில் சொன்னேன். மூன்றாம் நாள் மதியம், மருத்துவ நிலையத்தில், பதினேழாவது தடவையாகப் போன் பேசிவிட்டு வைத்தேன். என்ன சொல்கிறார்கள் என்று அவள் கேட்டாள். டாக்டர் வருவாரா என்று கேட்டேன், தெரியவில்லை என்கிறார்கள் என்றேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே சொன்னாள்:

"வருவாரான்னு கேக்காத, அர்கிரி. எப்ப வருவாருன்னு கேளு."